மணி வண்டியின் இடது கதவு

பாய், கோழி நாற்றம் இன்னும் போகவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தளுக்கு வந்து, உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையைத் திறந்தேன். வண்டியின் பின்கதவை இழுத்ததும், ஏழு மாதமாக உள்ளே அடைந்து கிடந்ததெல்லாம் ஒரேயடியாக மூக்கில் ஏறியது. பினாயில் ஊற்றிக் கழுவினோம், நீலகிரித் தைலம் தெளித்தோம், நீங்கள் மூன்று வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டீர்கள். அந்த எமரால்டு ஊர்க் கோழிகள் போலீஸ் வண்டியைக் காலி பண்ணவே மாட்டோம் என்று இருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, என்னங்க பாய் இது என்று திரும்பினேன். நீங்கள் உட்காருகிற மரப்பெட்டி காலியாக இருந்தது. அங்கேயே அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். மையவாடியில் உங்களை வைத்துவிட்டு வந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

உங்கள் மகள் நஸீமா டீயோடு வந்தாள். கையில் ஒரு தாள். எனக்கு அன்றைக்குத்தான் செய்தி தெரிந்தது. குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரர், மூடிக்கிடந்த தன் தேயிலை ஃபேக்டரியைத் துடைத்து வைத்து, உள்ளே பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தப்போகிறார். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்களாம். நம்முடைய மணி வண்டியையும் கேட்டிருக்கிறார். நஸீமா சரி என்றிருக்கிறாள். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு பலகை. பலகை எழுதுவதற்குப் பெயிண்டர் என்னை விட்டால் யார்? வாசகத்தைக் கொடுத்து, படிச்சுப் பாருங்க மாமா என்றாள்.

நன்றாகத்தான் எழுதியிருந்தாள், பள்ளிக்கூட டீச்சர் அல்லவா. இங்கிலாந்தில் போலீஸ் வேனாக ஓடியது, கப்பலில் வந்தது, தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு உழைத்தது, எல்லாம் வரிசையாக. கடைசி வரி இது: ‘இடது கதவில் இருந்த காவல்துறைச் சின்னம், வண்டியைப் புதுப்பிக்கும்போது உரிமையாளரின் அவசரத்தால் அழிந்துவிட்டது.’

உரிமையாளர் என்றால் நீங்கள். நீங்களா பாய் அவசரக்காரர்? ஒரு நட்டைக் கழற்றினால் அது எந்தத் துளையில் இருந்தது என்று சீட்டு எழுதி, துணியில் முடிந்து, டப்பாவில் போட்டு, டப்பாவின் மேலும் எழுதி வைக்கிற மனுஷர். ஊட்டி மார்க்கெட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த அத்தனை பேரிலும் உங்கள் நிதானத்தைப் பற்றித்தான் ஊரே கிண்டல் பேசும். அந்தப் பெயருக்கு நேர்மாறாக இப்படி ஒரு வரி, பெயிண்டில், நிரந்தரமாக, என் கையாலேயே. நல்லா இருக்கும்மா என்று சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நாலு நாள் சோறு இறங்கவில்லை.

நான் உங்களிடம் முதன்முதலில் வந்ததே சண்டைக்குத்தான். நீங்கள் கொடுத்த கிளட்ச் கேபிள் என் ஸ்கூட்டரில் மூன்றாம் நாளே அறுந்துவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது அருவங்காட்டு ஆலைக் குடியிருப்பில் என் லைன் முழுக்கத் தெரியும். கேபிளைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வீசினேன். நீங்கள் அதை எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

“கேபிள் மேல தப்பில்லீங்க. யார்மேலயோ இருக்கற கோவத்தைக் கிளட்ச்சு மேல காட்டுறீங்க. உக்காருங்க, டீ சொல்றேன்.”

அன்றைக்கு என் மேலதிகாரியோடு எனக்கு வாய்த்தகராறு. நிஜமாகவே அந்தக் கோபம்தான். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. டீ குடித்தேன். அடுத்த வாரமும் வந்தேன். பிறகு கேபிள் அறுந்தாலும் அறாவிட்டாலும் வந்துகொண்டிருந்தேன்.

ஆலையின் பெயிண்ட் ஷாப்பிலிருந்து நான் ரிட்டயர் ஆன வருஷம் எமரால்டிலிருந்து ஒரு கவுடர் டிராக்டருக்குப் பேரிங் வாங்க வந்தார். பேச்சுவாக்கில், “எங்க தோட்டத்துல பழைய போலீஸ் வண்டி ஒண்ணு கெடக்குதுங்க பாய், கோழி அடைக்கறோம்” என்றார். நீங்கள் மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டீர்கள். உங்கள் கடை மத்தியானத்தில் பூட்டியது அதுதான் முதல் தடவை. ஜீப்பில் வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். காரட் வயலின் ஓரத்தில், முட்டைக்கோஸ் இலை குவித்துப்போட்ட இடத்தில் அது நின்றது. குட்டையான வேன். பச்சைப் பெயிண்ட் உரிந்து, அதற்கடியில் வெள்ளை, அதற்கும் அடியில் கருப்பு. வலது கதவு கவுடர் வீட்டில் தகரத்தை வெட்டி வைத்தது, இடது கதவு மட்டும்தான் கூடப் பிறந்தது. முன் பம்பருக்கு மேல் ஒரு மணி, துரு பிடித்துப்போய்.

நீங்கள் குனிந்து அந்த மணியை விரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினீர்கள். டிங் என்றது.

“கவுடரே, கோழிக்கு வேற ஊடு பாத்துக்கங்க” என்றீர்கள். வண்டி நம்முடையதாகிவிட்டது.

அதன் கதையைக் கவுடர் தன் அப்பாவிடம் கேட்டிருந்தார். தோட்டத்துத் துரை ஒருவர் விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போனபோது, போலீஸ்காரர்கள் கழித்துக்கட்டிய வேனை ஏலத்தில் எடுத்துக் கப்பலில் ஏற்றிவிட்டாராம். இங்கே வந்ததும் அதற்கு வெள்ளை அடித்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார். கம்பவுண்டர் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு வரும்போது டிரைவர் மணியை அடிப்பான். திருடனைத் துரத்தின மணி, பேதி மருந்துக்கு ஆள் கூப்பிட்டது என்று நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். துரை போனார், தோட்டம் கைமாறியது, வண்டி காரட் மூட்டை சுமந்தது, பிறகு கோழி. காகிதம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இங்கிலாந்தில் எந்த ஊர் போலீஸ் என்று சொல்ல ஆள் இல்லை.

அந்த ஒன்றுதான் உங்களை அரித்தது. “எந்த ஊருன்னு தெரிஞ்சாப் போதும் பெயிண்டரே. அந்த ஊருக்கு ஒரு லெட்டர் போடணும். உங்க போலீஸ் வண்டி எங்க ஊட்டியில பத்திரமா இருக்குதுங்க, கோழி மட்டும் இப்பத்தான் காலி பண்ணுச்சுன்னு” என்பீர்கள். அந்த லெட்டரை நீங்கள் மனதுக்குள் எத்தனை தடவை எழுதினீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புது வரி சொல்வீர்கள்.

இஞ்சின் உங்களுக்கு, தகடு எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். இடது கதவை மட்டும் நீங்கள் கொடுக்கவில்லை.

“இதை விட்ருங்க. உரிஞ்சு கருப்பு தெரியற எடத்துல கை வெச்சுத் தடவினா லேசா மேடு தட்டுது. சின்னம் எழுதியிருப்பான், விக்கறப்ப அதுமேல கருப்பை அடிச்சு மறைச்சிருப்பான். தண்ணி விட்டு வாட்டர் பேப்பர்ல கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறேன். அவசரமில்ல.”

“கருப்புக்குக் கீழ இரும்புதான் பாய் இருக்கும். புதையலா எடுக்கப் போறீங்க?” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். தினமும் காலைத் தொழுகை முடிந்து கடை திறக்கும் முன் ஒரு விரல் அகலம் தேய்ப்பீர்கள். பச்சையை எடுக்கவே ஒரு மாதம் ஆனது.

இனி அந்த ஆடி மாத வெள்ளிக்கிழமை. இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் சம்சாரத்திடம்கூட.

மழை பிடித்து நாற்பது நாள். அவலாஞ்சியில் கொட்டுகிற மழைக்கு ஊட்டியில் துணி காயாது, உப்பு தண்ணீராகும், அடிப்பூச்சுக்குப் பிரைமர் அடித்தால் பால் கொட்டின மாதிரி வெளுத்துப்போகும். கதவைத் தவிர வண்டி முழுவதும் நான் வெறுந்தகடாக்கி வைத்திருந்தேன். தகடு துரு பிடிக்கிறதே என்று எனக்குத் தூக்கமில்லை. அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெயில் வந்தது. பளீரென்று, கண் கூசும்படி. சமவெளிக்காரன் குடையை விரித்திருப்பான். மலையில் பெயிண்ட் வேலை செய்கிறவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று மணிக்குப் பனிமூட்டம் ஏறிவிடும். அதற்குள் பிரைமர் காய்ந்தால் உண்டு, இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம். நீங்கள் ஜும்மா தொழுகைக்குப் புறப்பட்டுப் போயிருந்தீர்கள்.

முப்பத்திரண்டு வருஷம் ஆலையில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: பழைய பெயிண்டைக் கடைசிப் பொட்டு வரை எடு, எல்லாத் துண்டுக்கும் ஒரே நேரத்தில் பிரைமர் அடி. நான் கதவைப் பார்த்தேன். வெயிலைப் பார்த்தேன். பெயிண்ட் ரிமூவர் டப்பாவைத் திறந்து கதவு முழுக்கப் பூசிவிட்டேன்.

வெள்ளை கொப்புளித்து எழுந்தது. சுரண்டுகிற பட்டித் தகட்டை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன், வெள்ளை வந்தது. மறுபடி பூசி இழுத்தேன், கருப்பு கூழாக வந்தது. அந்தக் கூழுக்குள் பொன் நிறம் தெரிந்தது பாய். ஒரு கிரீடம். அதன் சிவப்புத் துணி, முத்து முத்தாக வெள்ளைப் புள்ளி, எந்த மகராசன் கை வைத்து எழுதினானோ, அவ்வளவு நேர்த்தி. அதற்குக் கீழே வளைவாக எழுத்து. முன்பாதி ஏற்கனவே என் தகட்டோடு போய்விட்டது. கடைசி மூன்று எழுத்து மட்டும் நின்றது. எச், ஏ, எம்.

கை நின்றுவிட்டது. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. எடுத்து ஊற்றியிருந்தால் கிரீடத்தில் பாதியாவது, அந்த மூன்று எழுத்தாவது பிழைத்திருக்கும். அது எனக்குத் தெரியும், நான் பெயிண்டர். ஆனால் ஊற்றினால் பாதி அழிந்த சின்னத்தை நீங்கள் வந்து பார்ப்பீர்கள். நீங்கள் தொடாதே என்று சொன்னதை நான் தொட்டது கதவில் எழுதி ஒட்டின மாதிரி நிற்கும். முழுசாக எடுத்துவிட்டால் ஒன்றுமே இருந்ததில்லை என்று ஆகிவிடும். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் என் மண்டையில் ஓடியது. பட்டித் தகட்டை அழுத்தி இழுத்தேன். துணியால் துடைத்தேன். கதவு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

நீங்கள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்கு வந்தீர்கள். வாசலில் கால் வைத்ததும் நான் சொன்னேன்: “ஒண்ணுமே இல்லீங்க பாய். வெறும் கருப்புதான்.”

நீங்கள் கதவின் அருகே வந்து நின்றீர்கள். உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினீர்கள். கோபப்படுவீர்கள் என்று நான் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு ஒரு மாதம் வராமல் இருந்திருப்பேன், எனக்கு அதுதான் சுலபம்.

“வெயில் போறதுக்குள்ள பிரைமர் அடிச்சிருங்க” என்றீர்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனீர்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்து முதல் தடவையாக நீங்கள் சிந்தினீர்கள், பிரைமர் உங்கள் வெள்ளை வேட்டியெல்லாம்.

அடுத்த சீசனில் பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். சேரிங் கிராஸில் டிராபிக் போலீஸ்காரர் நிறுத்தி, “ஏனுங்க, இது எந்த ஸ்டேஷன் வண்டி?” என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? “அதைக் கண்டுபிடிக்கத்தானுங்க பதினஞ்சு மாசமாத் தேடறேன், நீங்களாச்சும் ஒரு கேஸ் போடுங்க” என்றீர்கள். அந்த ஆள் சிரித்துக்கொண்டே சல்யூட் அடித்தார். நீங்கள் மணியை ஒரே ஒரு தடவை அடித்தீர்கள். ரோட்டில் அடிக்கக்கூடாதுங்க என்று அவர் சொல்ல, நீங்கள் காதைப் பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு.

கண்காட்சியில் மதிப்பெண் போட வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். போலீஸ் வண்டி என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். மணியைக் காட்டினோம். மணி எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், கதவில் சின்னம் இருந்திருக்குமே, அது எங்கே என்று கேட்டார். நான் பாலிஷ் துணியோடு உங்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“நான்தாங்க அவசரப்பட்டுச் சுரண்டிட்டேன்” என்றீர்கள்.

அவர் உங்களை விட்டாரா? எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். உங்களை மாதிரி ஆளுங்க கையில இந்த வண்டியெல்லாம் சிக்கவே கூடாது என்றார். ஆமாங்க, ஆமாங்க என்று நீங்கள் தலையாட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் வாயே திறக்கவில்லை. ஒரு சொல். ‘நான்’ என்கிற ஒரு சொல் வரவில்லை. வண்டியைச் சாதாரண வரிசையில் ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். திரும்பும்போது வர்க்கி வாங்கி, பேக்கரி வாசலிலேயே எனக்குப் பிட்டுக் கொடுத்து, “மொறுமொறுன்னு இருக்கு, சாப்பிடுங்க” என்றீர்கள். அதற்குப் பிறகு பத்து வருஷம், இடது கதவைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. லெட்டரைப் பற்றியும் பேசவில்லை. என் சம்சாரத்துக்குக் கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் என்னோடு உட்கார்ந்திருந்தீர்கள். அந்த மூன்று நாளில் முப்பது தடவை சொல்ல வந்தேன். ஒவ்வொரு தடவையும், டீ குடிக்கலாமா பாய் என்றுதான் வாயில் வந்தது.

பலகைத் தாளை வாங்கி வந்த நாலாம் நாள், வியாழக்கிழமை, மறுபடி காந்தளுக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு நஸீமா வரும்வரை கொட்டகை வாசலில் நின்றேன். அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன். வெயில் வந்தது, ரிமூவர் பூசியது, கிரீடம், தண்ணீர் வாளி, எல்லாம்.

“உங்க அத்தா அவசரப்படலம்மா. நான்தான் அழிச்சேன். பாத்துட்டேதான் அழிச்சேன். அந்த வரிய என்னால எழுத முடியாது.”

அவள் என்னை உட்காரச் சொன்னாள்.

“தெரியும் மாமா” என்றாள். “அத்தாவுக்கும் தெரியும். அன்னைக்கே தெரியும்.”

எப்படி என்று கேட்டேன்.

“அத்தா சொல்லிச் சிரிப்பாங்க மாமா. ‘நான் ஒண்ணுமே கேக்கலியேம்மா. வாசப்படில கால் வெக்கறதுக்குள்ள, ஒண்ணுமே இல்லீங்கன்னாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, என்னமோ இருந்திருக்கு, இவரு பாத்திருக்காரு’ன்னு.”

“அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல? நான் மூணு எழுத்து பாத்தேனே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஊரைத் தேடியிருக்கலாமே.”

“நானும் கேட்டேன் மாமா. ‘கேட்டா அந்த மனுஷன் இன்னொரு பொய் சொல்லணும். அப்புறம் என் மூஞ்சியில முழிக்க மாட்டாரு. எனக்கு இங்கிலாந்துல ஒரு ஊரு பேரு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, ஞாயித்துக்கெழம டீ குடிக்க ஆளு வேணாமா’ன்னாங்க. ஆஸ்பத்திரியில இருந்தப்ப இந்தப் பலகை பேச்சு வந்துச்சு. என் பேரையே போடும்மா, அவரா வந்து சொன்னா மட்டும் மாத்துன்னாங்க.”

பிறகு அவளே, “அந்த மூணு எழுத்து என்ன மாமா?” என்றாள். சொன்னேன். செல்போனில் என்னமோ தட்டிப் பார்த்துவிட்டு, “இங்கிலாந்துல பாதி ஊரு இப்படித்தான் முடியும்போல” என்று சிரித்தாள். உங்கள் சிரிப்பு அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு லெட்டர் போடலாம் மாமா, எத்தனை ஆனாலும் சரி என்றாள். உங்களிடம் ஞாயிறுதோறும் கேட்ட வரிகளை நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் எழுதினாள். கோழியையும் சேர்த்துத்தான். இதுவரை ஒன்பது ஊருக்குப் போயிருக்கிறது. பதில் வரவில்லை, வராமலும் போகலாம்.

நீங்கள் என்னிடமிருந்து ஒன்றும் கேட்காமல் விட்டதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை பாய். உங்கள் ஆசையை என் மானத்துக்காக விட்டுக்கொடுத்தீர்கள். அதை எனக்கே தெரியாமல் செய்தீர்கள். கேபிளுக்குச் சண்டை போட வந்தவனுக்கு இவ்வளவு எதற்கு என்று மனதுக்குள் உங்களோடு சண்டை போடுகிறேன், வழக்கம்போல நான் மட்டும்தான் கத்துகிறேன்.

பலகையை எழுதி முடித்து மாட்டியாகிவிட்டது. கடைசி வரி இப்படி இருக்கிறது: ‘இடது கதவின் சின்னத்தைச் சுரண்டி அழித்தவர் இதன் பெயிண்டர். அவர் கண்ணில் பட்ட எழுத்துகள்: எச், ஏ, எம்.’ ஞாயிற்றுக்கிழமைகளில் குன்னூருக்குப் போய் வண்டியைத் துடைத்துவிட்டு, பக்கத்திலேயே நிற்கிறேன். போன வாரம் ஒரு பையன் பலகையைச் சத்தமாகப் படித்துவிட்டு, “யாருங்க அந்த பெயிண்டர்? இப்படியா பண்ணுவாங்க?” என்று என்னிடமே கேட்டான்.

“நான்தானுங்க தம்பி” என்றேன்.